ஓடுபாதை ஓரத்துக் கடலைக் கொல்லை

விமானச் சத்தம் கேட்டா எங்க ஊர்ல களை எடுக்கிற பொம்பளைங்க இன்னிக்கும் ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்ப்பாங்க. "யாரு ஊட்டுப் புள்ள போவுதோ" என்று ஒருத்தர் சொல்வார், மறுபடி வேலை நடக்கும். அந்த ஒரு நிமிஷத்தையே வாழ்நாள் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். விமான நிலைய வேலி ஓரமாக நீள லென்ஸ் கேமரா, மடக்கு ஏணி, காதில் ஒரு சின்ன ரேடியோ என்று நாள் முழுக்க நிற்பார்கள். நம்ம வண்டிக்கு டிஎன் என்று நம்பர் இருக்கிற மாதிரி ஒவ்வொரு விமானத்துக்கும் பதிவெண் உண்டு. இந்திய விமானம் என்றால் விடி, ஜப்பான் ஜேஏ, இலங்கை 4ஆர் என்று ஆரம்பிக்கும். அதைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்வார்கள். இதுவரை பார்க்காத நம்பர் ஒன்று கிடைத்துவிட்டால் அன்றைக்கு அவர்களுக்குத் தீபாவளி.

"இதுல என்னய்யா இருக்கு?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் மாட்டுச் சந்தைக்கு மாடு வாங்காமலே போய், சுழி பார்த்து, பல் பார்த்து, விலை கேட்டுவிட்டு, ஒரு டீ குடித்துத் திரும்பி வருகிற பெரியவர்கள் எங்க ஊரில் நிறைய உண்டு. அதுவும் இதுவும் ஒண்ணுதான். ஒரு பொருளை உடைமையாக்கிக்காமல் ரசிக்கிறது நல்ல குணம் என்பது என் கட்சி.

எல்லா நாட்டிலும் இதை நல்ல குணமாக எடுத்துக்கொள்வதில்லை. 2001-ல் கிரீஸ் நாட்டுக்குப் போய் விமானம் பார்த்து நம்பர் குறித்த பன்னிரண்டு பிரிட்டிஷ்காரர்களையும் இரண்டு டச்சுக்காரர்களையும் உளவாளிகள் என்று பிடித்துப் போட்டார்கள். தண்டனையும் விதித்தார்கள். 2002 கடைசியில் மேல்முறையீட்டில்தான் விடுதலை ஆனார்கள்.

இதற்கு நேர் எதிரான ஊர் ஒன்று ஜப்பானில் இருக்கிறது. டோக்கியோவுக்குக் கிழக்கே, சிபா மாகாணத்தில் உள்ள நரிட்டா விமான நிலையம். அங்கே விமானம் பார்க்கிறவர்களுக்கென்றே வேலிக்கு வெளியே மேடு போட்டு, மரம் நட்டு, பெஞ்சு வைத்து, கார் நிறுத்த இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். பெரிய ஓடுபாதையின் வடக்கு முனையில் சகுரா நோ யாமா, அதாவது செர்ரி மர மேடு. தெற்கே ஷிபாயாமா ஊர்ப் பக்கம் ஹிகோகி நோ ஓக்கா. விமானக் குன்று என்று அர்த்தம். சம்சாரிகள் குழந்தை குட்டியோடு சோற்று டப்பா கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

மகள் குடும்பம் சிபாவில் இருப்பதால் போன அக்டோபரில் போய்ப் பார்க்கிற வாய்ப்பு கிடைத்தது. மாப்பிள்ளைக்கு இந்தப் பைத்தியம் உண்டு. காலையில் எழுந்ததும் போனில் காற்று பார்த்தார். "மாமா, இன்னிக்கு வடக்கத்திக் காத்து. தெக்கால போனாத்தான் எறங்குறத பாக்க முடியும்" என்றார். நெல் தூத்துறவனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. விமானம் எதிர்காற்றில்தான் ஏறும், எதிர்காற்றில்தான் இறங்கும். நரிட்டாவின் ஓடுபாதைகள் கிட்டத்தட்ட வடக்குத் தெற்காகக் கிடக்கின்றன. ஒரு தலைமாட்டில் 34 என்று எழுதியிருந்தால் 340 பாகை, அதாவது வடக்குப் பார்த்த திசை. எதிர்த் தலைமாட்டில் 16, அது தெற்குப் பார்த்தது. குளிர்காலத்தில் பெரும்பாலும் வடக்குக் காற்று, கோடையில் தெற்குக் காற்று. எங்கே போய் நிற்பது என்பதைக் காற்றுதான் முடிவு பண்ணும்.

குன்றில் நின்றால் தலைக்கு மேலே வயிற்றைக் காட்டிக்கொண்டு வருகிறது. சக்கரம், அதில் இருக்கிற மடிப்பு, ரெக்கைக்கடியில் எழுதின நம்பர் எல்லாம் தெரிகிறது. நரிட்டாவில் சரக்கு விமானப் போக்குவரத்தும் அதிகம். மற்ற இடங்களில் அருகிவிட்ட ஜம்போ 747, சரக்கு ஏற்றிக்கொண்டு இங்கே இன்னும் வந்து போகிறது. பார்க்கப் பார்க்கச் சலிக்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

ஆனால் என் கண்ணைப் பிடித்தது தரையில் இருந்த வேறொன்று. வேலியை ஒட்டி வெளியே கொல்லைகள். கடலையைப் பிடுங்கி, ஆள் உயரத்துக்குச் சின்னச் சின்னப் போராகக் குவித்து, மேலே மூடி வைத்திருந்தார்கள். அதற்குப் போச்சி என்று பெயராம். காய்களை உள்ளே வைத்து அடுக்கி, காற்றில் மெதுவாகக் காய விடுகிறார்கள். ஜப்பானில் விளைகிற கடலையில் பெரும்பங்கு இந்தச் சிபா மாகாணத்தில்தான் விளைகிறது. பச்சைக் கடலையை உப்புப் போட்டு வேக வைத்துத் தின்கிற பழக்கமும் அங்கே இருக்கிறது. ஒரு பொட்டலம் வாங்கி உரித்தேன். உப்பு கொஞ்சம் கம்மி, மற்றபடி எங்க வீட்டுக் கடலைதான்.

இவ்வளவு பெரிய விமான நிலையத்தை ஒட்டி இந்தக் கொல்லை எப்படித் தப்பிப் பிழைத்தது? அந்தக் கேள்விக்கு அறுபது வருஷக் கதை இருக்கிறது. விமானம் பார்க்கப் போகிற ஒவ்வொருவரும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

1966 ஜூலை 4. டோக்கியோவுக்குப் புது விமான நிலையம் சன்ரிசுக்கா என்ற இடத்தில் வரும் என்று ஜப்பான் அமைச்சரவை முடிவு செய்தது. அதற்கு முந்தின வருஷம் பக்கத்திலேயே டொமிசாட்டோ என்ற ஊரைத் தேர்ந்தெடுத்து, அங்கே எதிர்ப்பு கிளம்பியதால் இடத்தை மாற்றியிருந்தார்கள். சன்ரிசுக்கா மக்களிடம் யாரும் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. தங்கள் நிலம் போகப்போகிறது என்பதைச் செய்தியில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். அங்கே இருந்த பலர் இரண்டாம் உலகப் போர் முடிந்து கையில் ஒன்றும் இல்லாமல் வந்தவர்கள். "காட்டைத் திருத்திப் பொழைச்சுக்கோங்க" என்று அரசாங்கமே கொண்டுவந்து குடியேற்றியது. மரத்தை வெட்டி, வேரைத் தோண்டி, கறுப்பு மண்ணைப் பக்குவம் பண்ணி, விளைச்சல் கைக்கு வருகிற நேரத்தில் அதே அரசாங்கம் "எழுந்திரு" என்றது.

அவர்கள் எழுந்திருக்கவில்லை. 1971-ல் நிலத்தைப் பலவந்தமாக எடுக்க வந்தபோது பெண்கள் மரத்தோடு தங்களைச் சங்கிலியால் கட்டிக்கொண்டார்கள். பதுங்கு குழி தோண்டி உள்ளே உட்கார்ந்தார்கள். மாணவர்களும் இடதுசாரிக் குழுக்களும் வந்து சேர, மோதல் கைமீறிப் போனது. அந்தச் செப்டம்பரில் மூன்று போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டார்கள். கொஞ்ச நாளில் போராட்டக்காரர்களில் ஓர் இளம் விவசாயி தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 1978 மார்ச் 30 திறப்பு விழா என்று நாள் குறித்திருந்தார்கள். மார்ச் 26 அன்று சாக்கடைக் குழாய் வழியாகப் போன ஒரு கூட்டம் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குள் ஏறிக் கருவிகளை அடித்து நொறுக்கியது. மே 20-ல்தான் திறக்க முடிந்தது. ஆளைக் கொல்வதை எந்த நியாயத்தாலும் மெழுக முடியாது. ஆனால் கேட்காமல் எடுக்கலாம் என்று முதலில் நினைத்தது யார் என்பதையும் மறக்கக்கூடாது.

கேட்காததற்கு விலை என்ன ஆச்சு என்று கணக்குப் பாருங்கள். முடிவு எடுத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரே ஒரு ஓடுபாதையோடு திறந்தார்கள். இரண்டாவது ஓடுபாதைக்கு இன்னும் இருபத்து நாலு வருஷம் ஆனது. அது 2500 மீட்டர் இருக்க வேண்டியது. தெற்குப் பக்கத்து விவசாயிகள் நிலம் கொடுக்காததால் 2002-ல் 2180 மீட்டரோடு திறந்தார்கள். ஜம்போவுக்கு அது பற்றாது. பிறகு வடக்குப் பக்கம் நீட்டி 2009-ல்தான் 2500 ஆக்கினார்கள். வேலிக்குள்ளே திட்டுத்திட்டாக மிஞ்சிய நிலங்களுக்காக விமானம் ஊர்ந்து போகிற பாதையைப் பல வருஷம் வளைத்துப் போட வேண்டியிருந்தது. 2015 வரைக்கும், வழியனுப்ப வருகிற சொந்தக்காரர்கூட அடையாள அட்டை காட்டித்தான் உள்ளே போக முடியும். முப்பத்தேழு வருஷம் ஒரு விமான நிலையம் தன் அக்கம்பக்கத்து ஊரைப் பார்த்துப் பயந்துகொண்டே இருந்திருக்கிறது.

இரண்டாவது ஓடுபாதையின் தெற்கு முனையில் தோஹோ என்று ஒரு குக்கிராமம். அங்கே வேலிகளுக்கு நடுவில் ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. தெற்கிலிருந்து இறங்குகிற விமானங்கள் அதன் தலைக்கு மேலேதான் போகும் என்பதால் விமானம் பார்க்கிறவர்கள் அங்கேயும் வருகிறார்கள். அந்தக் கோயிலின் கதையைக் கேட்டு அசந்துபோனேன். இத்தோ ஓட்டோஜிரோ என்பவர் ஜப்பானில் விமானம் ஓட்டிய முதல் தலைமுறையைச் சேர்ந்தவர். 1915-லேயே சிபா கடற்கரையில் விமானப் பள்ளி நடத்தியவர். போருக்குப் பிறகு ஜப்பானியர் விமானம் ஓட்டவே தடை வந்ததும் தன் ஆட்களோடு தோஹோவுக்கு வந்து, காட்டைத் திருத்தி விவசாயம் செய்தார். தாங்கள் கும்பிட்டு வந்த விமானச் சாமியையும் கூடவே கொண்டுவந்து வைத்தார். அந்தச் சாமிதான் ஊர்ச் சாமி ஆனது. 2001-ல், விமானம் இறங்குகிற வழியில் உயரமாக நிற்கிறது என்று அந்தக் கோயில் மரங்களை ஊராரைக் கேட்காமல் வெட்டினார்கள். ஊர் மக்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். விமானத்துக்கும் விவசாயிக்கும் ஜென்மப் பகை எதுவும் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அங்கே சாமியே விமானச் சாமி. மரத்தை வெட்டுவதற்கு முன்னால் ஊரைக் கேட்கவில்லை, சண்டை அதற்காகத்தான்.

கடைசியில் 1991-லிருந்து 1994 வரை அரசாங்கமும் விவசாயிகளில் ஒரு பகுதியினரும் சமமாக எதிரெதிரே உட்கார்ந்து பேசினார்கள். இனிமேல் பலவந்தமாக நிலம் எடுக்க மாட்டோம் என்று அரசு வாக்குக் கொடுத்தது. 1995-ல் பிரதமர் முராயாமா மன்னிப்புக் கேட்டார். அதோடு எல்லாம் சுபம் என்றும் சொல்ல முடியாது. வேலிக்கு நடுவே தலைமுறை தலைமுறையாகக் காய்கறி போட்டு வந்த ஒரு குடும்பத்தின் மேல் நடந்த வழக்கு முடிந்து, 2023 பிப்ரவரியில் ராத்திரியோடு ராத்திரியாக நிலத்தின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டார்கள். இப்போது 3500 மீட்டரில் மூன்றாவது ஓடுபாதைக்கு வேலை நடக்கிறது. 2029-ல் முடிக்கலாம் என்று திட்டம் போட்டிருந்தார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு நரிட்டாவை நான் மதிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. விமானக் குன்றிலிருந்து கொஞ்ச தூரத்தில் விமான அறிவியல் அருங்காட்சியகம் இருக்கிறது. அதே வளாகத்தில் 2011-ல் இன்னொரு கட்டடம் திறந்தார்கள். பெயரே வானம், பூமி இரண்டின் வரலாற்று இல்லம். போராட்டக்காரர்களின் ஹெல்மெட், கொடி, போட்டோக்கள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. போலீஸ் பக்கத்துக் கதையும் இருக்கிறது. டிக்கெட் கிடையாது. தன்னை எதிர்த்தவன் கதையைத் தன் வாசலிலேயே வைத்துச் சொல்கிற விமான நிலையம் வேறெங்கும் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் விமானம் பார்க்க மேலே ஏறிய கூட்டத்தில் பாதிகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை.

நகரத்து நண்பர்கள் கேட்கிற கேள்வி எனக்குத் தெரியும். "அப்போ ஏர்போர்ட்டே வேணாமா? உங்க மக ஊருக்கு நீங்க நடந்தா போனீங்க?" விமானத்தில்தான் போனேன், இனியும் போவேன். என் வாதம் வேறே. நிலத்தைக் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. பொண்ணு கேட்கப் போகிறவன் தாம்பூலத்தோடு போய் வாசலில் நின்று கேட்கிறான். "இல்லை" என்று சொல்ல அந்த வீட்டுக்கு உரிமை இருக்கிறது என்று தெரிந்துதான் கேட்கிறான். நிலத்தைக் கேட்கிறவர்கள் மட்டும் முடிவு பண்ணிவிட்டு, விலையைப் பற்றி மட்டும் பேசலாம் என்று வருகிறார்கள். அது எப்படிக் கேட்கிறதாகும்?

பரந்தூரில் இப்போது நடப்பதும் அதுதான். 2022-ல் இடத்தை அறிவித்தார்கள். பதிமூன்று கிராமம், ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம், அதில் ஏரியும் நஞ்சையும் அடக்கம். ஏகனாபுரத்து ஜனங்கள் அன்றிலிருந்து போராடுகிறார்கள். கிராம சபையில் வேண்டாம் என்று தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டார்கள். அந்தத் தீர்மானத்துக்கு மதிப்பு உண்டா இல்லையா என்பதைத்தான் ஊர் கேட்கிறது. நரிட்டாக்காரன் மன்னிப்புக் கேட்க இருபத்தொன்பது வருஷம் எடுத்துக்கொண்டான். நம்ம ஆட்கள் அவ்வளவு தூரம் சுற்ற வேண்டாம், முதலிலேயே உட்கார்ந்து பேசலாம்.

ஜப்பான் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. நரிட்டாவில் அரை நாள் கிடைத்தால் காற்றைப் பார்த்து இடம் தேர்ந்தெடுங்கள். ஆசை தீர விமானம் பாருங்கள், நம்பர் குறியுங்கள். அப்புறம் வானம், பூமி வரலாற்று இல்லத்துக்குள் ஒரு மணி நேரம் போய் வாருங்கள். சகுரா நோ யாமா பக்கத்திலேயே உள்ளூர் விளைச்சல் விற்கிற கடை இருக்கிறது. பருவம் இருந்தால் வேகவைத்த கடலை கேளுங்கள். விளைவிக்கிறவர்களுக்கு நாலு காசு போய்ச் சேரும்.