நாசிக் ஒயினும் 'பாரம்பரிய'மும்

நம்மூரில் 'ஒயின்ஷாப்' என்று போர்டு மாட்டிய கடையில் ஒயினைத் தவிர மற்றதெல்லாம் கிடைத்த காலம் ஒன்று உண்டு. அப்படிப்பட்ட ஊரிலிருந்து புனேக்குப் பிழைக்க வந்தவனிடம், ஊர் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "நாசிக் போலாமாடா?" பஞ்சவடி ராமரைப் பார்க்க இல்லீங்க, திராட்சைத் தோட்டத்துக்கு!

போகலாம், தப்பே இல்லை. ஆனால் அங்கே காதில் விழும் 'ஒயின் பாரம்பரியம்' என்கிற வார்த்தைதான் எனக்கு இடிக்கிறது. எண்பதுகளில் நாராயண்காவில் ஒரு முயற்சி நடந்தது. நாசிக்கில் சூலாவின் முதல் ஒயின் விற்பனைக்கு வந்தது 2000-ல். மகாராஷ்டிர அரசு ஒயினுக்குச் சலுகைகள் அறிவித்தது 2001-ல். இவ்வளவுதான் கதை. இத்தாலி மாதிரி கட்டடம் கட்டிவிட்டால் வயசு கூடிவிடுமா என்ன?

நிஜமான பாரம்பரியம் பக்கத்து வயலில் இருக்கிறது. ஒயினுக்கு ரொம்ப முன்னாலேயே நாசிக் விவசாயி சாப்பிடுகிற திராட்சை போட்டுப் பழகியவர். வருஷத்துக்கு இரண்டு கவாத்து, ஏப்ரல் வாக்கில் ஒன்று, மழை முடிந்ததும் ஒன்று. ஐரோப்பாவில் கோடை முடியும்போது அறுவடை. இங்கே ஜனவரியிலிருந்து மார்ச் வரை. நம்ம வெயிலுக்கும் மழைக்கும் கொடியைப் பழக்கிய இந்தக் கெட்டிக்காரத்தனம் இல்லாமல் ஒயின் ஏது?

இன்னொன்று. ஒயின் திராட்சை சின்னது, கொட்டை உள்ளது. சந்தையில் கூடை வைத்து விற்க முடியாது. ஆலைக்காரர் வாங்கினால்தான் உண்டு. 2008-க்குப் பிறகு உலகப் பொருளாதார மந்தத்தில் ஒயின் தேங்கியபோது, பணம் வராமல் கொடியையே பிடுங்கிப் போட்ட விவசாயிகள் இருக்கிறார்கள். நான் போன சுற்றுகளில் கோப்பையை எப்படிப் பிடிப்பது, எப்படி மோந்து பார்ப்பது என்று விலாவாரியாகச் சொன்னார்கள். இதைப் பற்றி மூச்!

என் கட்சி இதுதான்: ஒயின் சுற்றுலா என்றால் ஒரு மணி நேரமாவது விவசாயியின் தோட்டத்துக்கும் கூட்டிப் போகட்டும். கிலோவுக்கு என்ன விலை, பணம் எப்போது கைக்கு வருகிறது என்று அவர் வாயாலேயே கேட்கட்டும். அவருக்கும் அதில் ஒரு பங்கு கிடைக்கட்டும். 'நாசிக் பள்ளத்தாக்கு ஒயின்' என்று புவிசார் குறியீடு வாங்கியாச்சு, சரி. அந்தப் புவியில் நிற்கிறவரை மறந்துவிட்டு என்ன குறியீடு?

நம்ம கம்பம் பன்னீர் திராட்சைக்கும் 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நாளைக்கு அங்கேயும் சுற்றுலா பஸ் வரலாம். வரட்டும். முதல் நிறுத்தம் தோட்டக்காரர் வீட்டு வாசலாக இருக்கட்டும். என்ன சொல்றீங்க?