பெயர் யார் கையில்? வணிகத் தளங்கள் இடம் மாறும்போது தமிழ் தொலையலாமா?

அமெரிக்காவில் ஒரு தமிழ்க் குடும்பம் வீடு மாறினால், மூட்டை முடிச்சுகளைக் கட்டுவதற்கு முன்பே அஞ்சலகத்தில் புதிய முகவரியைப் பதிந்து விடுகிறது. அமெரிக்க அஞ்சல் துறையும் பழைய வீட்டுக்கு வரும் கடிதங்களை 12 மாதங்கள் வரை புதிய வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறது. ஆனால் அதே குடும்பம் தன் தொழிலின் இணையத்தளத்தை வேறிடத்துக்கு மாற்றும்போது இந்த முன்யோசனை காணாமற் போய்விடுவதேன்? பத்தாண்டு உழைப்பில் சேர்ந்த வாடிக்கையாளரும், படங்களும், அவற்றோடு தமிழில் எழுதிய பக்கங்களும் ஓரிரவில் தொலைந்து போவதேன்?

நியூ ஜெர்சி மாநிலத்தின் சாமர்செட் கவுண்டியிலுள்ள பிரிட்ஜ்வாட்டரும் அதைச் சூழ்ந்த ஊர்களும் தமிழர் வேரூன்றிய பகுதிகளாகும். 1998ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்ட வேங்கடேசுவரர் கோயில் இவ்வூரில்தான் உள்ளது. கணினித் துறைக்கும் மருந்து நிறுவனங்களுக்கும் பணியாற்ற வந்தவர்கள், மாலை வேளைகளிலும் வார இறுதிகளிலும் சிறுதொழில் நடத்துவது இத்தகைய ஊர்களில் வழக்கம். விழாக்களுக்குச் சமைத்துக் கொடுத்தல், பரதநாட்டிய வகுப்பு, வரிக்கணக்கு எழுதுதல், வீட்டுமனைத் தரகு, புடவை விற்பனை என இவை பலவகை. இத்தொழில்களுக்குப் பெரும்பாலும் கடைவீதியில் கடை இல்லை. இணைய முகவரியே கடை, அதுவே பெயர்ப்பலகை. எனவே அந்த முகவரி யாருடையது என்ற கேள்வி, கடைச் சாவி யாரிடம் உள்ளது என்ற கேள்விக்கு ஒப்பானது.

வாடகை வீடும் சொந்தப் பெயரும்

இணையத்தளம் ஒன்றில் மூன்று பொருள்கள் அடங்கியுள்ளன. முதலாவது பெயர், அதாவது டொமைன். இரண்டாவது, கோப்புகள் குடியிருக்கும் வழங்கி. மூன்றாவது, பக்கங்களைக் கட்டி நிறுத்தும் மென்பொருள் தளம். இந்த மூன்றையும் ஒன்றென எண்ணுவதே பெரும்பாலான இழப்புகளுக்குக் காரணம். வழங்கி என்பது வாடகை வீடு. இன்று ஒன்று, நாளை மற்றொன்று. மென்பொருள் தளம் வீட்டிலுள்ள தட்டுமுட்டுச் சாமான் போன்றது. பெயர் மட்டுமே வாடிக்கையாளரின் நினைவில் நிற்பது. அதுவும் நிலையான சொத்தன்று. ஒரே தடவையில் அதிகபட்சம் பத்தாண்டுகளுக்குப் பதியத்தக்க குத்தகையே. குத்தகையைப் புதுப்பிப்பவருக்கே பெயர் உரியது.

இங்கேதான் தமிழ்க் குடும்பங்களில் பலகாலமாக ஒரு வழக்கம் தொடர்கிறது. "கணினி தெரிந்த பிள்ளை" ஒருவரிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்து விடுவதே அது. அப்பிள்ளை தன் பெயரிலேயே டொமைனைப் பதிகிறார். தன் கல்லூரி மின்னஞ்சலைக் கொடுக்கிறார். தன் கடனட்டையில் பணம் கட்டுகிறார். பிறகு படிப்பு முடிகிறது. கலிபோர்னியாவிலோ டெக்சாசிலோ வேலை கிடைக்கிறது. கல்லூரி மின்னஞ்சல் அணைந்து போகிறது, கடனட்டை காலாவதியாகிறது. புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் யாரும் திறக்காத பெட்டியில் விழுகிறது. இதில் எவருக்கும் தீய எண்ணம் இல்லை. ஆயினும் தாயும் தந்தையும் இருபது ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பெயர் ஏலத்துக்குப் போய்விடக்கூடும்.

டாட் காம் போன்ற பெயர்கள் காலாவதியானவுடன் மறைந்து விடுவதில்லை. முதலில் பதிவாளர் 45 நாட்கள் வரை சலுகைக்காலம் அளிக்கக்கூடும். அதன்பின் அவர் பெயரை நீக்கினாலும், கூடுதல் கட்டணம் கட்டி மீட்க 30 நாட்கள் உண்டு. ஆனால் பல பதிவாளர்கள் சலுகைக்காலத்திலேயே பெயரை ஏலத்தில் விடுகின்றனர். பிறர் கைக்குப் போன பெயரில் சூதாட்ட விளம்பரங்கள் தோன்றுவது இணையத்தில் அன்றாடம் நிகழ்வது. கோயில் நாட்காட்டியிலும் பொங்கல் விழா மலரிலும் அச்சிட்ட முகவரியைத் தட்டும் வாடிக்கையாளர் அங்கே போய் நின்றால், அந்தக் குடும்பத்தின் நற்பெயர் என்னாவது?

பெருநிறுவனத்தின் நிழல் நிலையானதா?

"தனித்தளம் எதற்கு? சமூக ஊடகப் பக்கமும் வாட்சப்பும் போதுமே" என்போர் உண்டு. இக்கூற்றில் ஓரளவு உண்மையும் உண்டு. இலவசமாகக் கிடைப்பதை விட்டுவிட்டு ஆண்டுதோறும் பணம் கட்டுவதற்குச் சிறு வணிகர் தயங்குவது இயல்பே. ஆயினும் வரலாறு என்ன சொல்கிறது?

1994இல் தொடங்கிய ஜியோசிட்டீசு என்னும் இலவசக் குடியிருப்பை 1999இல் யாகூ நிறுவனம் மூன்றரை பில்லியன் டாலருக்கும் மேலான மதிப்பில் வாங்கியது. புலம்பெயர் தமிழர் தொடக்ககாலத்தில் கட்டிய தமிழ்ப் பக்கங்கள் பல அங்கே குடியிருந்தன. 2009 அக்டோபர் 26 அன்று அதன் அமெரிக்கச் சேவையை யாகூ மூடியது. தன்னார்வலர்கள் ஓடியாடிப் படியெடுத்ததில் ஒரு பகுதி பிழைத்தது, எஞ்சியவை போயின. ஆர்க்குட் 2014இலும் கூகுள் பிளசு 2019இலும் மூடப்பட்டன. சிறு வணிகர்களுக்கெனக் கூகுள் இலவசமாகத் தந்த எளிய வணிகத் தளங்கள் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டன. அந்த முகவரிகளைத் தட்டியவர்கள் அவ்வாண்டு சூன் 10 வரை மட்டுமே நிறுவனக் குறிப்புப் பக்கத்துக்குத் திருப்பி விடப்பட்டனர். அஞ்சலகம் 12 மாதங்கள் காத்திருக்க, இங்கே கிடைத்தது ஏறத்தாழ மூன்றே மாதங்கள்!

காசு கொடுத்துப் பதிந்தோரும் இத்தகைய மாற்றங்களிலிருந்து தப்பவில்லை. கூகுள் தன் டொமைன் தொழிலை ஸ்குவேர்ஸ்பேசு நிறுவனத்துக்கு விற்பதாக 2023 சூனில் செய்தி வந்தது. ஏறத்தாழ ஒரு கோடி பெயர்கள், தம் உரிமையாளர்கள் கேட்காமலேயே கைமாறின. ஆனால் இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஜியோசிட்டீசு மூடியபோது முகவரியே அழிந்தது. கூகுள் விற்றபோது பதிவாளர் மாறினாரே தவிர, பெயர் பதிந்தவரிடமே இருந்தது. விரும்பாதோர் வேறு பதிவாளரிடம் செல்லவும் முடிந்தது. சொந்தப் பெயரின் பயன் இதுவே. இடம் பெயர்வதைத் தடுக்க முடியாது. பெயரோடு பெயர்வதே வேண்டுவது.

தமிழ்ப் பக்கமே முதற்பலி

தள மாற்றத்தின்போது நேரும் மற்றொரு இழப்பைப் பற்றி எவரும் பேசுவதில்லை. புதிய தளம் கட்டுபவர் ஆங்கிலப் பக்கங்களை முதலில் மாற்றுகிறார். தமிழ்ப் பக்கங்களைத் திறந்தால் கேள்விக்குறிகளும் பொருளற்ற குறியீடுகளும் வரிசையாக நிற்கின்றன. "பிறகு பார்த்துக் கொள்ளலாம்" என்ற சொல்லோடு அவை கைவிடப்படுகின்றன. அந்தப் "பிறகு" வருவதே இல்லை.

இதன் காரணம் எளியது, தீர்வும் எளியது. பரவலாகப் பயன்படும் மைசீக்குவல் தரவுதளம் 2018இல் எட்டாம் பதிப்பு வரும்வரை, மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான இலத்தீன் குறிமுறையையே இயல்பாகக் கொண்டிருந்தது. அவ்வாறு சேமித்த தமிழை அப்படியே புதிய வழங்கியில் கொட்டினால் எழுத்துகள் சிதைகின்றன. ஏற்றுமதியின்போதும் இறக்குமதியின்போதும் யூ.டி.எஃப்-8 என்னும் ஒரே குறிமுறையைப் பேணி, பழைய தரவு எந்த முறையில் உள்ளதென முன்கூட்டியே ஆராய்ந்தால் எழுத்து பிழைக்கும்.

அந்த யூ.டி.எஃப்-8 பிறந்த மண்ணும் நியூ ஜெர்சியே. பிரிட்ஜ்வாட்டரிலிருந்து அரைமணிப் பயணத் தொலைவிலுள்ள மர்ரே ஹில் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய கென் தாம்சன், 1992 செப்டம்பரில் ஓர் இரவுணவின்போது, உணவகத்தின் மேசைத்தாளில் ராப் பைக்கின் கண்முன்னே அதை வகுத்தார். உலகின் எழுத்துகளெல்லாம் ஒரே பாதையில் பயணம் செய்ய அந்தத் தாள் வழிவகுத்தது. அதன் அருகில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் தளங்களில் தமிழ் கேள்விக்குறியாகி நிற்பது பொருத்தந்தானா?

முகவரியிலும் ஒரு நுட்பம் உண்டு. பக்கத்தின் முகவரியில் தமிழ்த் தலைப்பை வைத்தால், ஒவ்வொரு ஒருங்குறி எழுத்தும் ஒன்பது குறிகளாக விரிகிறது. வேர்ட்பிரசு அந்தப் பகுதிக்கு 200 குறிகளே இடம் தருகிறது. எனவே ஏறத்தாழ 22 எழுத்துக்குறிகளுக்குப் பிறகு தலைப்பு வெட்டுப்படுகிறது. "கி" போன்ற எழுத்துக்கு இரண்டு குறிகள் தேவைப்படுவதால் இன்னும் விரைவாகவே வெட்டுப்படலாம். இடம் மாறுகையில் புதிய மென்பொருள் வேறிடத்தில் வெட்டினால் பழைய இணைப்புகள் அனைத்தும் முறிந்து போகும். ஆகவே பழைய முகவரிகளை ஒன்றுவிடாமல் முதலிலேயே குறித்து வைத்தல் இன்றியமையாதது.

முன்மாதிரி தமிழிலேயே உண்டு

இவை யாவும் பெருநிறுவனங்களுக்கே இயலும் என்று எண்ண வேண்டியதில்லை. 1998 பொங்கலன்று தன்னார்வலர்களால் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தை நோக்குக. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்திய அம்முயற்சி, தொடக்ககால எழுத்துருக்களிலிருந்து தகுதரத்துக்கும், பின்னர் தகுதரத்திலிருந்து ஒருங்குறிக்கும் மாறியது. ஆயினும் நூல்களுக்குத் தொடக்கத்தில் இட்ட வரிசை எண்கள் மாறவில்லை. முதல் எண் பெற்ற திருக்குறள் இன்றும் முதல் எண்ணிலேயே உள்ளது. உடை மாறிற்று, அடையாளம் மாறவில்லை. இலாப நோக்கமற்ற தொண்டர்கள் செய்ததைத் தொழில் நடத்துவோர் செய்ய இயலாதா?

செய்ய வேண்டியவை சிலவே. டொமைன் குடும்பத் தொழிலின் பெயரில், பெற்றோர் திறக்கக்கூடிய மின்னஞ்சலில் பதிவாகியிருக்க வேண்டும். இரட்டைச் சரிபார்ப்பும் தானியங்கிப் புதுப்பித்தலும் இயங்க வேண்டும். பெயர், வழங்கி, மென்பொருள் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் மாற்றலாகாது. ஒன்றை மாற்றி, சரிபார்த்து, பின்பு அடுத்ததைத் தொட வேண்டும். புதிதாகப் பதிந்த அல்லது அண்மையில் மாற்றிய பெயரைப் பதிவாளர்கள் 60 நாட்கள் பூட்டி வைப்பது வழக்கமாதலால், தீபாவளி வணிகத்துக்கு முந்திய வாரம் இவ்வேலைக்கு ஏற்றதன்று. மின்னஞ்சலுக்கான பதிவுகளைத் தனியே குறித்துக் கொள்ளாவிட்டால், தளம் திறக்கும்; கடிதம் மட்டும் வராது. பழைய பக்கம் ஒவ்வொன்றும், 301 என்னும் நிரந்தர வழிமாற்றின் மூலம் தனக்குரிய புதிய பக்கத்துக்குச் செல்ல வேண்டும். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்புவது வந்தவரை வாசலிலேயே நிறுத்துவதாகும். இவ்வழிமாற்று ஓராண்டாவது நீடிக்க வேண்டும் என்பது கூகுளின் அறிவுரை. பெயரே மாறினாலும் பழைய பெயரைப் பல ஆண்டுகள் புதுப்பித்து வருதல் நலம். ஆண்டுக்கு ஒரு குடும்ப உணவின் செலவு கூட ஆகாது.

"வாடிக்கையாளர் எல்லோரும் ஆங்கிலம் அறிவார்கள், தமிழ்ப் பக்கம் எதற்கு?" என்ற கேள்வி எஞ்சுகிறது. இலாபக் கணக்கு மட்டும் பார்த்தால் இதற்கு விடை கூறுவது கடினம். ஆனால் வார இறுதியில் மட்டும் வகுப்பறையில் கேட்கும் மொழி, பிள்ளைகளின் பார்வையில் பாடமாகவே நின்று விடுகிறது. அதே மொழியில் விலைப்பட்டியலும் வகுப்பு நேரமும் எழுதப்பட்டிருந்தால், அது வாழ்க்கையாகிறது. .இலங்கை, .இந்தியா, .சிங்கப்பூர் என்று தமிழெழுத்திலேயே முகவரி முடிவுகள் 2010, 2011ஆம் ஆண்டுகளில் உலக இணைய வேரில் இடம்பெற்றன. அரசுகள் திறந்து வைத்த வாசலைக் குடும்பங்களே அடைத்துக் கொள்வது முறையாகாது.

பெற்றோர்களே! இணையத்தளத்தைப் பிள்ளையிடம் ஒப்படைத்து விட்டு ஒதுங்கி விடாதீர்கள். காப்பீட்டுப் பத்திரங்களும் வீட்டுப் பத்திரமும் இருக்கும் கோப்பில், பதிவாளரின் பெயரும் புதுப்பிக்கும் நாளும் எழுதிய தாளொன்றும் இருக்கட்டும். இளையோரே! தளத்தை மாற்றும்போது அருகில் தாயையோ தந்தையையோ அமர்த்திக் கொள்ளுங்கள். ஆங்கிலப் பக்கத்தை நீங்கள் சரிபாருங்கள். தமிழ்ப் பக்கத்தை அவர்கள் உரக்கப் படிக்கட்டும். பிழையின்றி அவர்கள் படித்து முடித்த பிறகே பழைய வழங்கியின் கணக்கை மூடுங்கள்.