தூத்துக்குடிக் குழாய்நீர்

தூத்துக்குடி நகரத்தார் குடிக்கும் குழாய்நீர் சுத்தமானதுதானா என்று அதிகாரி ஒருவரைக் கேட்டால், "ஆம்" என்பார். வசதியுள்ள வீட்டுக்காரரைக் கேட்டால் அவர் வாயால் பதில் சொல்லமாட்டார். வாசலில் இறக்கி வைத்திருக்கும் இருபது லிட்டர் கேனைச் சுட்டிக் காட்டுவார். குழாயைத் தவிர வேறு கதியில்லாத ஏழையை எவரும் கேட்பதேயில்லை. இம்மூவரில் யார் சொல்வது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல நாம் இன்று முன்வரவில்லை. தீர்ப்புக்கு வேண்டிய சாட்சியம் பொதுஜனங்கள் கையில் இருக்கவேண்டும் என்பதே நமது வாதம்.

முப்புறமும் உப்பளமும் ஒருபுறம் உப்புக்கடலுமாக அமைந்த இவ்வூரில் நல்ல நீர் என்றைக்கும் அருமைதான். சலாபம் நடந்த காலங்களில் இக்கரையோரம் திடீரென்று ஆயிரக்கணக்கானோர் கூடுவார்கள். கடற்கரையில் சிப்பிகளை அழுகவிட்டு முத்தெடுப்பார்கள். ஈ மொய்க்கும், கிணறு கெடும், வாந்திபேதி வரும். நோய்க்கு அஞ்சிச் சலாபத்தைப் பாதியில் கலைக்க நேர்ந்ததும் மன்னார் வளைகுடாச் சரித்திரத்தில் உண்டு. நமது துறையில் கடைசிச் சலாபம் 1961-ல் முடிந்தது. முத்து போயிற்று, தண்ணீர்க் கவலை மாத்திரம் போகவில்லை.

அக்கவலையைத் தீர்க்கத் துணிந்தவர் நகரசபைத் தலைவராயிருந்த ராவ்பகதூர் குரூஸ் பர்னாந்து. அவரது விடாமுயற்சியால் 1927-ல் வல்லநாட்டிலிருந்து, சுமார் 30 கிலோமீட்டர் தூரம் குழாய் பதித்து, தாமிரவருணி நீர் தூத்துக்குடிக்கு வந்தது. அவருக்குச் சிலையும் மணிமண்டபமும் எழுப்பியிருக்கிறோம். மெத்தச் சரி. ஆனால் சிலைக்கு மாலை போடும் நாளில், அவர் கொண்டுவந்த நீர் இன்று எந்த நிலையில் குடத்தில் விழுகிறது என்று யாராவது விசாரிக்கிறார்களா?

அவர் காலத்து ஆறு வேறு. இன்றைய ஆறு வேறு. பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் இறங்கி, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி என்று ஊர் ஊராக நடந்து, அதன்பின்னரே தாமிரவருணி வல்லநாட்டுப் பக்கம் வருகிறது. வழியிலுள்ள ஊர்கள் தங்களுக்கு வேண்டிய நீரை எடுத்துக்கொண்டு, வேண்டாத கழிவை அதிலேயே திருப்பிக் கொடுக்கின்றன. திருநெல்வேலியில் பாதாளச் சாக்கடைத் திட்டம் ஆண்டுக்கணக்காக நடந்தும், சாக்கடை ஆற்றில் கலப்பது ஓயாமல், விஷயம் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைவரை சென்றது. 2024 நவம்பரில் நீதிபதிகளே நேரில் வந்து ஆற்றங்கரையைப் பார்த்துச் சென்றார்கள். நதி நம்மிடம் வரும்போது பல ஊர்களின் எச்சிலோடு வருகிறது என்பது இரகசியமல்ல.

கடைக்கோடி ஊர் என்பதால் கெட்ட நீரைத்தான் குடித்தாக வேண்டுமென்று விதியொன்றும் இல்லை. 1892-ல் ஜெர்மனியில், எல்பே நதிக்கரையிலுள்ள ஹாம்பர்க் நகரத்தில் காலரா புகுந்து 8,000-க்கு மேற்பட்டோரைக் கொன்றது. அதையடுத்த ஆல்டோனா நகரமோ, ஹாம்பர்க் நகரத்துச் சாக்கடை விழுந்த பின்னர் அதே நதியில் நீரெடுத்துக் குடித்து வந்தது. இருந்தும் ஆல்டோனா பெரும்பாலும் தப்பிற்று. இரு நகரங்களின் எல்லை ஓடிய தெருவில் ஒரு சிறகில் நோய் இருந்தது. மறு சிறகில் இல்லை. காரணம், ஆல்டோனா நகரசபை நீரை மணற்படுகையில் வடிகட்டிற்று. செல்வத்தில் பன்மடங்கு பெரிய ஹாம்பர்க் வடிகட்டாமலே விட்டது.

ஆகவே வல்லநாட்டில் வடிகட்டுவதும் குளோரின் சேர்ப்பதும் முதற்படி. அத்தோடு வேலை முடிந்ததென்று எண்ணுவதுதான் பிசகு. நீர் நிலையத்தில் சுத்தமாயிருந்து குழாயில் கெடுவதே பெரும்பாலும் நடப்பது. நமது ஊர்களில் குழாயில் எந்நேரமும் நீர் ஓடுவதில்லை. சில மணி நேரம் விட்டு நிறுத்திவிடுகிறார்கள். நீர் நின்றதும் குழாயினுள் அழுத்தம் இறங்கிவிடுகிறது. அருகே சாக்கடை ஓடினால், துருவேறிய மூட்டிலும் விரிசலிலும் அந்த அழுக்கு நீர் உள்ளே புகுகிறது. மறுமுறை திறக்கும்போது முதலில் வருவது அதுதான். இதற்குமேல், குழாயில் நேரே மோட்டார் வைத்து உறிஞ்சும் வழக்கம் வேறு. தம் தொட்டி நிறைந்தால் போதுமென்று மோட்டாரை ஓட்டுகிற கனவான், பக்கத்து வீட்டுக்கு நீரில்லாமல் செய்வதோடு நில்லாமல், தெருச் சாக்கடையையும் பொதுக்குழாய்க்குள் இழுக்கிறார். இவர்களில் அநேகர் சுகாதாரத்தைப் பற்றி மேடையில் பேசக்கூடியவர்கள் என்பது வேடிக்கை.

குளோரின் காவலாளி போன்றது. வழியில் அழுக்கோடு போராடிப் போராடித் தானும் செலவாகிவிடும். ஆற்றுநீரில் சாக்கடை அம்சம் கூடக் கூட அது செலவாகும் வேகமும் கூடும். நீர் கலங்கியிருந்தால் கிருமிகள் மண்துகளின் மறைவில் தப்பிவிடும். எனவே வல்லநாட்டில் எவ்வளவு சேர்த்தார்கள் என்பதைவிட, திரேஸ்புரத்துக் கடைசிக் குழாயில் எவ்வளவு மிஞ்சிற்று என்பதே கேள்வி. இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் குடிநீர் அளவுகோல், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சவேண்டும் என்கிறது. 100 மில்லிலிட்டர் நீரில் மலக்கிருமி ஒன்றுகூட இருக்கலாகாது என்கிறது. மிச்சக் குளோரினை அறிய நிபுணர் வேண்டாம். குளோரோஸ்கோப் என்னும் சிறு பெட்டியும், மருந்துத் துளிகள் சிலவும், ஒரு நிமிஷமும் போதும், நிறம் சொல்லிவிடும். மலக்கிருமிக்குத்தான் பரிசோதனைச் சாலை வேண்டும். நீரில் கரைந்த உப்பும் நைட்ரேட்டும் கண்ணுக்கும் தெரியா, காய்ச்சினாலும் போகா; அவற்றையும் காலாகாலத்தில் சோதித்தாக வேண்டும்.

சோதனைகள் நடப்பதே இல்லையென்று நாம் சொல்லவில்லை. மாநகராட்சிக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் அதற்கென்று ஊழியர்கள் இருக்கிறார்கள். நமது கேள்வி, அந்தக் கணக்கு யார் கண்ணில் படுகிறது என்பதே. கணக்கு அலுவலகத்துக்குள் அடங்கிக் கிடந்தால் என்ன விளையும் என்பதைக் கானடா தேசத்தின் வாக்கர்ட்டன் என்னும் சிற்றூர் காட்டியிருக்கிறது. சுமார் 5,000 பேர் வாழும் ஊர். 2000-ஆம் ஆண்டு மே மாதம் பெய்த பெருமழையில் மாட்டுச்சாணம் ஊர்க் கிணற்றில் இறங்கிற்று. குளோரின் அளவைச் சோதிக்காமலே சோதித்ததாக ஊழியர்கள் ஏட்டில் எழுதி வந்தார்கள். நீர் கெட்டிருப்பதாகப் பரிசோதனைச் சாலை தெரிவித்த பிறகும், சுகாதார அதிகாரி விசாரித்தபோது, நீர் நன்றாயிருக்கிறதென்றே பதில் சொன்னார்கள். 2,300-க்கு மேற்பட்டோர் நோயுற்றனர், எழுவர் மாண்டனர். செல்வமும் கல்வியும் மிகுந்த தேசத்தில் இது நடந்தது. அந்த ஏடு வாரந்தோறும் கடைத்தெருவில் ஒட்டப்பட்டிருந்தால் பொய்யெழுதும் கை சற்று நடுங்கியிருக்கும்.

நமது நாட்டு நிலைமையோ வேறு விதம். 2019 நவம்பரில் மத்திய சர்க்கார், தலைநகரங்களின் குழாய்நீரைச் சோதித்து முடிவை வெளியிட்டது. மும்பை ஒன்றே எல்லாவற்றிலும் தேறிற்று. டெல்லியும் சென்னையும் தேறவில்லை. விற்பனைக்கு வரும் புட்டிநீருக்குக் கட்டாயமாயிருந்த முத்திரை, கோடிக்கணக்கானோர் குடிக்கும் குழாய்நீருக்குக் கட்டாயமாயில்லை என்பதும் அப்போது தெரியவந்தது. விலை கொடுப்பவனுக்குச் சட்டத்தின் காவல். வரி கொடுப்பவனுக்கு நம்பிக்கை!

இதில் மற்றொரு தீங்கும் உண்டு. ஊரில் செல்வாக்குள்ளவர்கள் ஒவ்வொருவராகக் கேன் நீருக்கு மாறும்போது, குழாய்நீரைப் பற்றிப் புகார் செய்யக்கூடிய வாய்களும் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. கவுன்சிலரும் வக்கீலும் வைத்தியரும் வர்த்தகரும் பத்திரிகைக்காரரும் குடிக்காத நீரைப் பற்றி எந்தச் சபையில் காரசாரமான விவாதம் நடக்கும்? மீனவச் சேரியிலும் உப்பளத் தொழிலாளர் குடியிருப்பிலும் குழந்தைக்குப் பேதி கண்டால், கூலி ஒருநாள் போகும், மருந்துச் செலவு வரும். அது எந்த மகஜரிலும் ஏறாது.

சட்டம் ஜனங்கள் பக்கமே இருக்கிறது. சுத்தமான நீரும் காற்றும் உயிர்வாழும் உரிமையின் பகுதியென்று சுபாஷ் குமார் வழக்கில் 1991-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. பணமில்லையென்று சொல்லி நகரசபை சுகாதாரக் கடமையைத் தட்டிக் கழிக்க முடியாது என்று ரத்லாம் வழக்கில் 1980-லேயே தீர்ப்பாயிற்று. 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின் நான்காவது பிரிவு, ஜனங்கள் மனுப்போட்டுக் கேட்கும்வரை காத்திராமல் பொது அதிகார ஸ்தாபனங்கள் தாமாகவே விவரங்களை வெளியிட வேண்டுமென்று விதிக்கிறது. அமெரிக்காவில் 1996-ல் திருத்திய சட்டப்படி, குடிநீர் விநியோகிப்போர் ஆண்டுதோறும் தம் நீரின் குணதோஷங்களை வாடிக்கைக்காரருக்கு அறிவித்தாக வேண்டும். நமக்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம். உள்ளதை நடத்தினால் போதும்.

நாம் கேட்பது இதுதான். மாநகராட்சியின் 60 வார்டுகளிலும், குழாயின் தொடக்கத்தில் அல்ல, கடைக்கோடியில், வாரம் ஒருமுறை நீர் எடுக்கப்படவேண்டும். எடுத்த தேதி, தெருப்பெயர், மிஞ்சிய குளோரின், மலக்கிருமி உண்டா இல்லையா என்ற நான்கு விவரங்களும் எளிய தமிழில் ரேஷன் கடையிலும் பள்ளிக்கூட வாசலிலும் ஒட்டப்படவேண்டும். கெட்டதென்று கண்டால் அன்றே தண்டோரா போட்டுக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லவேண்டும். கெட்ட செய்தியை வெளியிட்டால் ஜனங்கள் பீதியடைவார்கள் என்று சில உத்தியோகஸ்தர்கள் சொல்லக்கூடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரவருணி பெருகி, ஆற்றோரத்துக் குடிநீர் நிலையங்கள் செயலிழந்து, வீடுகளில் சாக்கடையும் வெள்ளமும் ஒன்றாய்ப் புகுந்தபோது இந்த ஜனங்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதை அவர்கள் நினைவுகூரட்டும். அன்று பீதியைவிடத் தண்ணீரே பெரிய கஷ்டமாயிருந்தது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குமுன் தாழ்ந்த பகுதிகளான முத்தம்மாள் காலனியிலும் கடலோரமான திரேஸ்புரத்திலும் முதற்சோதனை நடக்கட்டும். பட்டியல் எவ்வளவு நீளமாயிருந்தாலும் அதைப் பிரசுரிக்க நமது பத்திரிகையில் வாரந்தோறும் ஒரு பத்தி ஒதுக்கி வைத்திருக்கிறோம். மாநகராட்சி அதற்கு விளம்பரக் கட்டணம் தரவேண்டியதில்லை.