குதிரை ஓட்டமும் கூலிக்காரன் ஓய்வும்

கெலவரப்பள்ளி அணைக்கட்டின் கரையிலே சென்ற வாரம் நின்றுகொண்டிருந்தோம். உடன் வந்தவர் ஓய்வு பெற்ற கடைசல் தொழிலாளி. முப்பது ஆண்டுகள் ஓசூர் ஆலைகளிலே இரும்போடு மல்லுக்கட்டியவர். சங்கத்துச் சந்தாவை ஒரு மாதமும் பாக்கி வைக்காதவர். மதகு வழியே பாய்ந்த தண்ணீர் வெண்ணுரையாகப் பொங்கி, பஞ்சு மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டியதுபோல் குவிந்து கிடந்தது. அதைப் பார்த்தபடியே அவர் சொன்னார்: "பந்தயம் முடிஞ்சு வர்ற குதிரை வாயிலே இப்படித்தாங்க நுரை தள்ளும். அந்தப் புதன்கிழமையெல்லாம் இனி வருமா, தோழர்?"

நாம் திடுக்கிட்டோம். கேட்டவர் சீமான் வீட்டுப் பிள்ளையல்ல. வியர்வையிலே குளித்து வாழ்ந்த பாட்டாளி!

2024ஆம் ஆண்டு ஜூலையிலே உதகைப் பந்தய மைதானத்தின் 52 ஏக்கரை அரசு மீட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் சென்னைக் கிண்டி மைதானத்தின் வாயில்களுக்கு முத்திரை வைத்தது. அன்று தொட்டு, "ஆகா, அந்தக் காலம்!" என்ற பெருமூச்சு பல திசைகளிலிருந்தும் எழுகிறது. சீமான் விடும் பெருமூச்சின் பொருள் நமக்கு விளங்கும். உழைத்து உருக்குலைந்த தோழரும் அதே பெருமூச்சை விடுகிறாரே, அதன் பொருள் என்ன? ஏளனம் செய்து ஒதுக்கிவிடக் கூடிய கேள்வியல்ல இது.

அவர் சொன்ன அந்தக் காலத்தை முதலிலே கேட்போம். ஓசூரிலே எல்லோருக்கும் ஞாயிறு விடுமுறை கிடையாது. முறைவேலைக்காரனுக்கு வார விடுமுறை செவ்வாயிலும் வரும், புதனிலும் வரும். ஊரெல்லாம் வேலைக்குப் போயிருக்க, இவன் மட்டும் வெறும் கையோடு திண்ணையிலே உட்கார்ந்திருப்பான். எல்லைக்கு அப்பால் நாற்பது கிலோமீட்டர் தொலைவிலே பெங்களூர். ரயிலடியிலே இறங்கினால் நடந்தே போகும் தூரத்திலே பந்தய மைதானம். அங்கே குதிரை ஓடாத நாளிலும் மைசூரிலே சாமுண்டி மலையடிவாரத்திலே ஓடும், கிண்டியிலே ஓடும், உதகையிலே ஓடும். எந்த ஊரில் ஓடினாலும் இங்கிருந்தே பணம் கட்டலாம் என்ற ஏற்பாடும் வந்துவிட்டது.

ஏழெட்டுப் பேராகப் புறப்படுவார்களாம். கையிலே ரேஸ் புத்தகம், காதிலே செருகிய பென்சில், மடியிலே வேர்க்கடலை. கூட்டத்திலே தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் கலந்து ஒலிக்கும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஜாக்கிகளின் சட்டைகள் மின்னும். கதவு திறந்ததும் ஒரு கணம் பேச்சு மூச்சற்ற அமைதி. பிறகு மண் அதிரும் குளம்பொலி. ஆயிரம் தொண்டைகளின் கூச்சல். ஒன்றரை நிமிடத்திலே எல்லாம் முடிந்துவிடும். பாய்ந்தோடும் குதிரை அழகுதான். அதைக் கண்டு மெய்ம்மறந்தவனை நாம் குறை கூற மாட்டோம். கூடிக் களிக்கும் ஆசை குற்றமா? இல்லவே இல்லை!

ஆனால் அந்தத் திருவிழா யார் வீட்டுத் திருவிழா? தோழர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

குதிரைக்கும் நம் ஊருக்கும் உறவு பழையது. ஓசூரை அடுத்த மத்திகிரியிலே 1,600 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் கால்நடைப் பண்ணை 1824இல் தொடங்கப்பட்டது. எதற்காக? நம் உழவனுக்கு ஏர்மாடு கொடுக்கவா? கிழக்கிந்தியக் கம்பெனியின் படைக்குக் குதிரை வளர்க்க! அந்தத் துரைமார்தாம் பொழுதுபோக்குக்குப் பந்தயத்தையும் கொண்டுவந்தார்கள். கிண்டியிலே 18ஆம் நூற்றாண்டிலேயே குதிரைகள் ஓடின. 1896இல் சென்னைப் பந்தயக் கழகம் அமைந்தது. துரைமார் போனார்கள், அவர்கள் அமர்ந்த மாடத்திலே நம் நாட்டுச் சீமான்கள் அமர்ந்தார்கள். உறுப்பினர் மாடம் நிழலிலே இருந்தது; பொதுமக்கள் நின்ற இடம் வெயிலிலே இருந்தது. குதிரை ஒன்றே, ஓட்டம் ஒன்றே, மாடம் மட்டும் இரண்டு!

கிண்டி நிலத்தின் கணக்கு அதைவிடச் சுவையானது. ஏறத்தாழ 160 ஏக்கர் அரசு நிலம், 1946 முதல் 99 ஆண்டுக் குத்தகை. ஆண்டு வாடகை எவ்வளவு தெரியுமா? 614 ரூபாய் சொச்சம்! வகுத்துப் பாருங்கள்: ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு நான்கு ரூபாய்கூட இல்லை. ஓசூரிலே மூன்று தொழிலாளர்கள் பாய் விரிக்கும் ஓர் அறைக்கு மாத வாடகை ஆயிரக்கணக்கிலே ஏறி நிற்கும் நாட்டிலே, மாநகரின் நடுவயிற்றிலே 160 ஏக்கருக்கு 614 ரூபாய்! வாடகையை உயர்த்தி, பாக்கி 730 கோடி ரூபாய் என்று அரசு கேட்டது. வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. 2023இல் அதைக் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அதன் பிறகே குத்தகை முறிக்கப்பட்டது. கழகம் மீண்டும் வழக்காடியது. அது அதன் உரிமை. நாம் கேட்பது, இத்தனை ஆண்டுகள் அந்தத் திருவிழாவுக்குப் பந்தல் போட்டுக் கொடுத்தவன் யார் என்பதைத்தான். வரி கொடுத்த ஏழை அல்லவா?

தடை செய்ய முயலவில்லையா என்று கேட்பீர்கள். முயன்றார்கள். 1974இல் கலைஞர் ஆட்சியிலே பந்தய ஒழிப்புச் சட்டம் வந்தது. 1986இல் எம்.ஜி.ஆர். ஆட்சியிலே கழகத்தையே அரசு எடுத்துக்கொள்ளச் சட்டம் வந்தது. இரு சட்டங்களும் உச்சநீதிமன்றத்தின் முன் நின்றன. 1996 ஜனவரி 12ஆம் நாள் தீர்ப்பு வந்தது: குதிரைப் பந்தயம் சூதாட்டமல்ல, திறமையின் பாற்பட்ட ஆட்டம் என்று! தீர்ப்புக்குத் தலை வணங்குகிறோம். குதிரையைப் பழக்குபவனிடம் திறமை உண்டு. ஏறிச் செல்பவனிடம் திறமை உண்டு. ஆனால் இரவு முறை முடித்துத் தூக்கம் தெளியாத கண்ணோடு வந்து, ரேஸ் புத்தகத்தைப் புரட்டிப் போனஸ் பணத்தைக் கட்டினானே, அந்தத் தொழிலாளியின் திறமை என்ன? ஏமாறும் திறமை ஒன்றுதானே!

பணம் போகும் வழியையும் பார்ப்போம். டோட் கணக்கிலே எல்லோர் பணமும் ஒரே உண்டியலிலே விழுகிறது. ஒரு பேச்சுக்கு, நூறு பேர் தலைக்கு நூறு ரூபாய் கட்டினால் பத்தாயிரம் சேரும். கழகத்தின் கழிவும் அரசின் வரியும் முதலிலே எடுக்கப்படும். மீதிதான் வென்றவர்களுக்குப் பங்கு. எந்தக் குதிரை வென்றாலும், கூட்டம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், கொண்டுவந்த பணத்தைவிடக் குறைவாகவே கொண்டுபோகும். ஒருவன் சிரிப்பான், பலர் அழுவார்கள். உண்டியல் வைத்தவன் மட்டும் ஒருநாளும் அழுவதில்லை. வரியோ, 28 விழுக்காடாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடாக ஏறிற்று. இனிமேல் அழுகை கூடும் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

நம் தோழரும் அழுதவர்தாம். தீபாவளிக்கு முந்திய புதன்கிழமை ஒன்றிலே போனஸ் முழுவதும் போயிற்று. வீட்டம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போனது. அது திரும்பி வரவேயில்லை. "அத்தனையும் இழந்த பிறகும் அந்த நாளுக்கா ஏங்குகிறீர்கள்?" என்று கேட்டோம். அவர் பேசவில்லை.

பிறகு வேறொன்று கேட்டோம். "அந்த நாளிலே நீங்கள் பணம் கட்டிய குதிரைகளின் பெயர் நினைவிருக்கிறதா?" நெற்றியைச் சுருக்கி யோசித்தார். ஒரு பெயரும் வரவில்லை! "உடன் வந்தவர்கள்?" என்றோம். மடமடவென்று ஏழு பேரின் பெயரைச் சொன்னார். யார் எந்த ஆலை, யாருக்கு எந்த முறை, யார் பாடுவார், யார் ரயிலிலே இடம் பிடிப்பார், யார் இப்போது உயிரோடில்லை என்பது வரை சொன்னார். சொல்லும்போது குரல் தழுதழுத்தது.

தோழர்களே, இங்கேதான் விடை இருக்கிறது. அவர் ஏங்குவது குதிரைக்காக அல்ல, புதன்கிழமைக்காக! வாரத்தின் நடுவிலே, மேஸ்திரியின் அதட்டலும் சங்கொலியும் இல்லாத ஒரு நாளுக்காக. நாலு பேரோடு சிரித்துப் பேசி, கையிலே கடலையோடு நின்ற ஒரு பொழுதுக்காக. அந்தப் பொழுதை அவனுக்கு வேறு எவரும் கொடுக்கவில்லை. பூங்கா கொடுக்கவில்லை, படிப்பகம் கொடுக்கவில்லை, விளையாட்டுத் திடல் கொடுக்கவில்லை. பந்தயக்காரன் கொடுத்தான், கொடுத்துவிட்டு விலையாகக் கம்மலைப் பிடுங்கிக்கொண்டான்.

சீமைக்குப் போய்ப் பார்த்தாலும் இதே கதைதான். இங்கிலாந்திலே எப்சம் டெர்பி நெடுங்காலம் புதன்கிழமையிலேதான் ஓடியது. 1995இல்தான் சனிக்கிழமைக்கு மாறியது. 19ஆம் நூற்றாண்டிலே பல ஆண்டுகள் அந்த நாளிலே நாடாளுமன்றமே கலைந்து பந்தயம் பார்க்கப் போயிற்று. பிரபுக்களுக்கு வார நடுவிலே ஓய்வு வேண்டுமென்றால் நாட்டின் அலுவலே நிற்கும்! அதே மைதானத்திலே, 1913 ஜூன் 4ஆம் நாள், அதுவும் ஒரு புதன்கிழமைதான், பெண்ணுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய எமிலி டேவிசன் மன்னரின் குதிரைக்கு முன்னே பாய்ந்தார். நான்கு நாள் கழித்து உயிர் துறந்தார். பிரபுக்களின் திருவிழாவிலே உரிமைக் குரல் எழுப்பிய அந்த வீராங்கனையை வரலாறு மறக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலே நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை கோப்பைப் பந்தயம். அன்று நகரத்துக்கே பொது விடுமுறை, தொழிலாளிக்கும் விடுமுறை. பந்தயத்தை நாம் புகழவில்லை. வார நடுவிலே ஊர் முழுவதும் ஓய்ந்திருந்தால் உலகம் கவிழ்ந்துவிடாது என்பதற்குச் சான்று காட்டுகிறோம்.

நம் நாட்டிலே ஓய்வு சும்மா வந்ததா? 1923இல் சென்னைக் கடற்கரையிலே சிங்காரவேலர் மே நாள் கொடியை ஏற்றியதிலிருந்து எத்தனை போராட்டம்! 1948இன் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கொரு விடுமுறையையும், மிகைநேர வேலைக்கு இரட்டிப்புக் கூலியையும் எழுதி வைத்தது. எழுத்திலே இருப்பது ஒப்பந்தத் தொழிலாளியின் கைக்கு வருகிறதா? கர்நாடகம் 2023 பிப்ரவரியிலே நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறந்தது. தமிழ்நாட்டிலும் 2023 ஏப்ரல் 21ஆம் நாள் அப்படியொரு மசோதா நிறைவேறியது, தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, மே முதல் நாள் அது திரும்பப் பெறப்பட்டது. பத்து நாளிலே கிடைத்த அந்த வெற்றி நம் ஒற்றுமையின் வெற்றி. ஆயினும் ஓசூரிலே குடியிருந்து அத்திப்பள்ளிக்கு அப்பால் வேலைக்குப் போகும் தோழனுக்கு, எல்லைக் கோட்டைத் தாண்டினால் சட்டமே மாறிவிடுகிறது!

இன்றோ அவன் பெங்களூர் வரை போகவும் வேண்டியதில்லை. சூது அவன் சட்டைப் பைக்கே வந்துவிட்டது. ரயிலும் இல்லை, நண்பரும் இல்லை, கடலையும் இல்லை. நள்ளிரவிலே கைபேசி வெளிச்சத்திலே தனியே தோற்கிறான். இணையச் சூதைத் தடுக்க 2022இல் தமிழ்நாடு சட்டம் செய்தது. பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்க 2025 ஆகஸ்டிலே நாடாளுமன்றமும் சட்டம் செய்தது. வரவேற்கிறோம். ஆனால் பரிசுச்சீட்டு ஒழிந்த இடத்திலே வேறொன்று முளைத்ததையும் பார்த்தவர்கள் நாம். ஓய்வும் உறவும் இல்லாத இடத்திலே சூது முளைக்கும். களையை மட்டும் பிடுங்கிவிட்டுப் பயிர் வைக்காமல் விட்டால் மறுபடியும் களைதான்!

ஆகவே நாம் கேட்பது இதுதான். மீட்ட நிலம் மக்களுக்கே இருக்கட்டும். கிண்டியிலே குளங்கள் வெட்டியிருக்கிறார்கள், 118 ஏக்கரிலே பூங்கா என்று அறிவித்திருக்கிறார்கள்; அங்கே கட்டணச் சீட்டு ஏழையைத் தடுக்காதிருக்கட்டும். லாயத்திலே குதிரை தேய்த்துப் பிழைத்த தொழிலாளர்கள் சீமான்களல்லர், நம்மவர்கள். அவர்களுக்கு மாற்று வேலை வேண்டும். ஓசூர்த் தொழிலாளிக்கு வார விடுமுறை, நிரந்தரமோ ஒப்பந்தமோ, பறிபோகாத உரிமையாக வேண்டும். தொழிலாளர் குடியிருப்புதோறும் ஒரு திடலும் ஒரு படிப்பகமும் வேண்டும். சங்கங்களுக்கும் ஒரு சொல்: சந்தா வாங்கவும் கொடி பிடிக்கவும் மட்டும் தோழனைத் தேடாதீர்கள்; அவன் விடுமுறை நாளிலே அவனோடு உட்கார்ந்து பேசவும் போங்கள். நாம் போகாவிட்டால் புக்கி போவான்.

கெலவரப்பள்ளி அணையருகே பூங்கா இருக்கிறது. குடும்பத்தோடு போய் உட்கார நல்ல இடந்தான். ஆனால் பெங்களூரின் சாக்கடையும் ஆலைக் கழிவும் தென்பெண்ணையிலே கலந்து நுரையாக வந்து நாறுகிறது. தொழிலாளியின் வார நடு நாளைக் கெடுக்க இப்போது குதிரைக்குப் பதில் நுரை! ஆற்றைத் தூய்மை செய்ய இரு மாநில அரசுகளும் அமர்ந்து பேசட்டும். அதற்கு நாம் குரல் எழுப்புவோம்.

திரும்பும் வழியிலே தோழர் சொன்னார்: "அடுத்த புதன்கிழமை பழைய ஆட்களிலே மிச்சம் இருக்கிறவங்களைக் கூப்பிட்டுக்கிட்டு வரேன். கடலை வாங்கிக்கலாம்."

நாமும் வருகிறோம் என்றோம். நீங்களும் வாருங்கள்!