‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்பது ஒரு பதிலா?

நம் வீடுகளில் எந்த உபாதைக்கும் இரண்டு பதில்கள் எப்போதும் தயாராக இருக்கும். ஒன்று, ‘சூடு’. மற்றது, ‘ஒத்துக்கொள்ளவில்லை’. தலைவலியா, சூடு. வயிற்றுப்போக்கா, ஒத்துக்கொள்ளவில்லை. இவற்றைச் சொல்லிவிட்டால் மேற்கொண்டு யாரும் கேள்வி கேட்பதில்லை. பெரும்பாலும் மோர் குடித்து, ஒரு நாள் படுத்தெழுந்தால் சரியாகியும் விடுகிறது. ஆனால் சில சமயம் இந்தப் பதில்கள் ஆளையே கொண்டுபோய்விடும். அப்படிப்பட்ட ஒரு விஷயத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

விஷயம் பீர். அதிலும் வீட்டில் தயாரிக்கும் பீர். சங்க இதழில் இதையா எழுதுவது என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். நான் குடிப்பவன் அல்லன். குடிக்கச் சொல்பவனும் அல்லன். மும்பையின் ஒரு புறநகரில் முப்பத்தொரு ஆண்டுகள் மருந்துக் கடைக் கவுன்டருக்குப் பின்னால் நின்றவன். டாக்டரிடம் சொல்லத் தயங்குவதைக்கூட மருந்துக் கடைக்காரனிடம் மக்கள் சொல்லிவிடுவார்கள். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

வேலைக்கென்று வந்து மூன்று நான்கு பேராக ஃபிளாட் எடுத்துத் தங்கும் நம் பிள்ளைகளில் சிலர், தாங்களே பீர் தயாரித்துக் குடிக்கிறார்கள். 2020-இல் ஊரடங்கின்போது மதுக்கடைகள் மூடிக் கிடந்த நாட்களில் இந்தப் பழக்கம் பல வீடுகளில் புகுந்தது. முளைகட்டிய வாற்கோதுமை, ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூ, ஈஸ்ட் எல்லாம் தபாலில் வருகின்றன. இட்லி மாவு புளிப்பது போலத்தான் இதுவும் என்கிறார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் இட்லி மாவில் என்ன போட்டோம் என்பது நமக்குத் தெரியும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். திருநெல்வேலிப் பக்கத்தவர்கள். அவர்கள் பையனுக்கு இருபத்து நான்கு வயது. நண்பர்களில் ஒருவன் தயாரித்த பீரை நால்வர் குடித்தார்கள். மூவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இவனுக்கு மட்டும் அரை மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் காணாக்கடி போலத் தடித்து, உதடு வீங்கி, மூச்சு இரைத்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். என்ன சாப்பிட்டான் என்று டாக்டர் கேட்டபோது, பீர் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. “ஓட்டலில் இறால் சாப்பிட்டான்” என்றார்கள். ஊசி போட்டார்கள், பிழைத்தான். இனி இறாலைத் தொடாதே என்று எழுதிக் கொடுத்தார்கள். அவனும் பக்தியோடு இறாலை விட்டான்.

அவன் தாயார் என்னிடம் வந்து, “அண்ணாச்சி, பையனுக்கு ஒடம்பு பூரா தடிச்சுப்போச்சு. பித்தம்தான். நல்ல டானிக்கா ஒண்ணு சொல்லுங்க” என்றார். டானிக் வேண்டாம், அலர்ஜி டாக்டரைப் பாருங்கள் என்றேன். பார்க்கவில்லை. மூன்று மாதம் கழித்து, இறாலின் வாசனைகூட இல்லாத ஒரு நாளில், அதே நண்பன் தயாரித்த பீரைக் குடித்து மறுபடியும் ஆஸ்பத்திரி. இந்த முறை முன்னிலும் மோசம். அப்போதுதான் உண்மை வெளியே வந்தது.

காரணம் கண்டுபிடித்தார்களா என்று கேட்பீர்கள். இல்லை. தயாரித்த பிள்ளையிடம் டாக்டர் கேட்டார், அதில் என்னென்ன போட்டாய் என்று. கொஞ்சம் கோதுமை, கொத்துமல்லி விதை, ஆரஞ்சுத் தோல், தெளிவதற்கு ஏதோ ஒரு தூள் என்றான். என்ன தூள்? டப்பாவை எறிந்தாயிற்று. முதல் தடவையும் இதேதானா? நினைவில்லை. மிச்சம் இருந்த பாட்டில்களைப் பயத்தில் கொட்டிக் கழுவியாயிற்று. காரணம் தெரியாத உபாதை என்பதெல்லாம் பல சமயம் இப்படித்தான் உண்டாகிறது. தெரிய முடியாததால் அல்ல, தெரிந்துகொள்ள வழி இல்லாமல் நாமே அழித்துவிடுவதால்.

கடையில் வாங்கும் பாட்டிலில் பெயருக்காவது ஒரு லேபிள் உண்டு. வீட்டுப் பீருக்கு அது இல்லை. அதற்குள் என்னென்ன இருக்கக்கூடும் என்று பாருங்கள். வாற்கோதுமையில் உள்ள ஒருவகைப் புரதம் கொதிக்க வைத்தாலும் முழுதும் அழியாமல் பீரில் தங்கும். அது சிலருக்குக் கடுமையான அலர்ஜி தரும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கோதுமை பீரும் ஒத்துக்கொள்ளாது. சிலவகைக் கறுப்பு பீரில் பால் சர்க்கரை சேர்ப்பார்கள். ஈஸ்ட் அதைத் தின்னாது. பால் செரிக்காதவர் வயிற்றில் அது வேலையைக் காட்டும். தெளிவதற்குப் போடும் பொருள்களில் ஐசிங்கிளாஸ் என்பது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுப்பது. சைவர்கள் கவனிக்க! பாத்திரத்தைச் சுத்தம் செய்யப் பயன்படுத்தும் சல்ஃபைட் உப்பு மிஞ்சினால் ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுத் திணறும். சுத்தம் போதாமல் வேண்டாத பாக்டீரியா புகுந்தால் ஹிஸ்டமின் போன்ற பொருள்கள் உண்டாகி, முகம் சிவந்து தலைவலி வரும். வடிகட்டாத பீரின் அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டலைக் கலக்கிக் குடித்தால் வயிறு ஊதும். இத்தனையும் ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.

பாத்திரத்தையும் சொல்ல வேண்டும். ஈயம் பூசாத பித்தளையில் புளிக் குழம்பு வைக்கக் கூடாது என்று நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். பீரும் புளிப்புதான். துத்தநாகம் பூசிய இரும்பு வாளியில் ஊறவைத்தால் துத்தநாகம் அதில் கரைந்து வாந்தி எடுக்க வைக்கும். பாட்டி சொன்னது குழம்புக்கு மட்டும் அல்ல.

மருந்துக் கடைக்காரனாக எனக்கு அதிகம் கவலை தருவது வேறு. வயிற்றுக் கடுப்புக்குத் தரும் மெட்ரோனிடசோல் மாத்திரையோடு மது சேரக்கூடாது என்று மருந்துச் சீட்டிலேயே எச்சரிக்கை உண்டு. காசநோய்க்குத் தரும் ஐசோநயசிட், உடலில் ஹிஸ்டமினைச் சிதைக்கும் வேலையைத் தடுக்கும். மதுவோடு சேர்ந்தால் ஈரலையும் கெடுக்கும். மாத்திரை சாப்பிடுவதை நண்பர்களிடமும், குடிப்பதை டாக்டரிடமும் மறைப்பவனுக்கு வரும் உபாதைக்கு யார் காரணம் சொல்ல முடியும்?

டைசல்ஃபிராம் என்றொரு மருந்து உண்டு. 1940-களில் டென்மார்க்கில் ஹால்ட், யாகப்சன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் அதை வேறு நோக்கத்துக்காகத் தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். பிறகு சிறிது மது அருந்தியபோது படாத பாடு பட்டார்கள். அப்படித்தான் அது குடியை மறக்கச் செய்யும் மருந்தானது. நோயாளி அறிந்து, சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மருந்து அது. ஆனால் கணவனுக்கோ மகனுக்கோ தெரியாமல் சாப்பாட்டில் கலந்துவிடலாம் என்று சீட்டு இல்லாமல் கேட்டு வந்த பெண்களை நான் கவுன்டரில் பார்த்திருக்கிறேன். அவர்கள் கண்ணீர் எனக்குப் புரியும். மருந்தைக் கொடுத்ததில்லை, டாக்டரிடம் அனுப்பினேன். தெரியாமல் கலந்தால், ஒரு டம்ளர் பீரில் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அப்போதும் வீட்டில் சொல்வது, ‘பீர் ஒத்துக்கொள்ளவில்லை’ என்றுதான்.

காரணத்தைத் தேடாமல் பழியை மட்டும் தேடினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன்.

முதலாவது, ஆலையில் தயாரித்த பீர். 1900-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் மான்செஸ்டர் பகுதியில் ஏராளமானோருக்குக் கை கால் மரத்து, தோல் கறுத்து, நடக்க முடியாமல் போயிற்று. குடியால் வந்த நரம்புக் கோளாறு என்று முதலில் முடிவு கட்டினார்கள். எர்னஸ்ட் ரெனால்ட்ஸ் என்ற டாக்டர்தான் யோசித்தார். குடிதான் காரணம் என்றால், கடுமையான மது குடிப்பவர்களை விட்டுவிட்டு பீர் குடிப்பவர்களுக்கு மட்டும் ஏன் வர வேண்டும்? பீரைச் சோதித்தார். அதில் ஆர்சனிக் இருந்தது. பீருக்குச் சேர்த்த சர்க்கரையைத் தயாரிக்கப் பயன்பட்ட கந்தக அமிலத்தின் வழியாக அது வந்திருந்தது. அதற்குள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு, சுமார் 70 பேர் இறந்திருந்தார்கள். ‘குடிகாரன்தானே’ என்ற எண்ணம் டாக்டர்களின் கண்ணையே மறைத்தது.

இரண்டாவது, வீட்டு பீர். 2015 ஜனவரியில் ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் நாட்டில், சிதிமா என்ற ஊரில் ஒரு சாவு வீட்டில் சோள மாவில் தயாரித்த பீரை எல்லோரும் குடித்தார்கள். 234 பேர் பாதிக்கப்பட்டு 75 பேர் இறந்தார்கள். தயாரித்த பெண்ணும் இறந்தாள். யாரோ முதலையின் பித்தநீரைக் கலந்துவிட்டார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. இங்கே பித்தம் என்றால் அங்கே முதலைப் பித்தம்! நல்லவேளை, மிச்சமிருந்த பீரைச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஒருவகைப் பாக்டீரியா உண்டாக்கும் பாங்கிரெக்கிக் அமிலம் என்ற விஷம் அதில் இருந்தது. அதற்கு மணம் இல்லை, ருசி இல்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. மிச்சத்தைக் கொட்டியிருந்தால் முதலைதான் குற்றவாளியாக நின்றிருக்கும்.

உடனே பயந்துவிட வேண்டாம். இது அபூர்வம். கள்ளச்சாராயச் சாவுகளோடு இதைக் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். 2015 ஜூனில் இங்கே மால்வணியில் நூற்றுக்கும் மேற்பட்டோரும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரும் இறந்தது மெத்தனாலால். தானியத்தைப் புளிக்க வைத்த பீரில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மெத்தனால் தானாக உண்டாவதில்லை. ஆனால் குடித்து அரை நாள், ஒரு நாள் கழித்துக் கண் மங்கினால், அதில் வேறு ஏதோ கலந்திருக்கிறது என்று பொருள். ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது.

மறைப்பதற்குக் காரணம் வெட்கம் மட்டும் அல்ல, பயமும்தான். மகாராஷ்டிரத்தில் 1949-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். தனக்கென்று வீட்டில் தயாரித்தாலும் விலக்கில்லை. ஆகவே தயாரிக்காமல் இருப்பதே நல்லது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மூச்சுத் திணறும் பிள்ளையைக் கட்டிலில் கிடத்திவிட்டுச் சட்டத்தையும் மானத்தையும் யோசிக்கும் நேரம் அதுவல்ல. டாக்டருக்கு வேண்டியது காரணம். நம் மேல் வழக்கு அல்ல.

“இப்படி எழுதினால் குடிப்பதற்கு வழிகாட்டுவது போல் ஆகாதா?” என்று ஒரு நண்பர் கேட்டார். கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் எழுதிய வள்ளுவரே, அடுத்துச் சூதைச் சொல்லிவிட்டு, அதற்கடுத்து மருந்துக்கும் ஓர் அதிகாரம் எழுதினார். கண்டிப்பவர் கைவிட வேண்டும் என்பதில்லை. ஊரைவிட்டு வந்து பிழைக்கும் நமக்கு, பிள்ளைக்கு ஒன்று என்றால் ஓடிவர சித்தப்பாவோ மாமாவோ பக்கத்தில் இல்லை. அவனோடு இருக்கும் நண்பர்கள் சொல்லும் நாலு வார்த்தைதான் அவனுக்குக் காப்பு. அந்த வார்த்தை பொய்யாக இருக்கக் கூடாது.

ஆகவே இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். என் பேச்சைக் கேட்டு விட்டுவிட்டால் மகிழ்ச்சி. கேட்கப் போவதில்லை என்றால், என்ன போட்டீர்கள், எவ்வளவு போட்டீர்கள், எந்தத் தேதியில் போட்டீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். குடிக்க வருகிறவனிடம் அதைக் காட்டுங்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறான் என்று கேளுங்கள். யாருக்காவது உடம்பு தடித்தாலோ, உதடு வீங்கினாலோ, மூச்சு இரைத்தாலோ, தூங்கினால் சரியாகிவிடும் என்று படுக்க வைக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மிச்ச பாட்டிலையும் நோட்டையும் கையோடு கொண்டுபோங்கள். ஒரு முறை அப்படி ஆனவன் காரணம் தெரியும்வரை மறுபடி தொடவே கூடாது.

பெற்றோர்களுக்கும் ஒன்று. பிள்ளை குடித்தான் என்று தெரிந்தால் கோபப்படுங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் கோபத்தை மறுநாள் காலைக்கு ஒத்திவையுங்கள். அப்பாவுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயத்தில் அவன் டாக்டரிடம் பொய் சொல்லும் நிலை நம் வீடுகளில் வரக்கூடாது. “என்ன ஆனாலும் டாக்டரிடம் உள்ளதைச் சொல், எங்களிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்” என்று இன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். டானிக் அதற்கு அப்புறம்தான்.