நந்தி விலகிய பிறகு

திருப்புன்கூர் சிவலோகநாதர் கோயிலில் நந்தி சன்னிதிக்கு நேராக இல்லை. சற்று ஒதுங்கியே இருக்கிறது. உள்ளே வர இயலாத நந்தனார் வாயிலில் நின்றே தரிசிக்க, இறைவன் அதனை விலகச் சொன்னான் என்கிறது பெரியபுராணம். விலகியது நந்திதான், தடுத்த வழக்கம் அப்படியே நின்றது. இதை நாம் பக்திப் பரவசத்தில் மறந்துவிடுகிறோம்.

இறைவனுக்கும் மனிதருக்கும் இடையில் ஒருவர் நிற்பது எதற்காக? ஜப்பானில் ஓர் உழவர் இதற்கு விடை தந்திருக்கிறார். 1859-இல் கவாத்தே புஞ்சிரோ என்பவர் கழனி வேலையை விட்டு ஓரிடத்தில் அமர்ந்தார். வந்தவரின் துயரத்தைக் கேட்டுக் கடவுளிடம் சேர்ப்பதும், கடவுளின் மறுமொழியை வந்தவரிடம் சேர்ப்பதுமே அவர் பணி. 1883-இல் மறையும்வரை அதையே செய்தார். அவர்வழி வந்த கொன்கோ சமயம் இதனைத் 'தொரித்சுகி' என்கிறது.

நம் காவிரிப் படுகைக்கு இது அந்நியமன்று. பிடாரி கோயில் திடலில் அருள்வந்த சாமியாடியிடம், கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று குறி கேட்கலாம். பதில் கிடைக்கும், சில வேளைகளில் வசவும் கிடைக்கும். பெருங்கோயில் அர்ச்சனையிலோ நம் துயரமெல்லாம் பெயர், நட்சத்திரம், கோத்திரம் என்று சுருங்கிவிடுகிறது. விரித்துச் சொல்ல அவகாசமில்லை. பின்னால் வரிசை நிற்கிறது.

2021-இல் தமிழக அரசு பல சாதியினரை அர்ச்சகர்களாக நியமித்தது. காலந்தாழ்ந்த நீதி, ஆயினும் நீதியே. ஆனால், கருவறையில் யார் நிற்பது என்று இத்தனை ஆண்டுகள் வழக்காடிய நாம், அங்கே நிற்பவர் வந்தவரின் குறையைக் கேட்கிறாரா என்று இன்னும் கேட்கவில்லை.