பூட்ஸ் வாங்கும் முன் காலைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, கோத்தகிரி பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் காய்கறித் தோட்டம். தோட்டத்துக் குட்டையில் கண்ணாடிக் கெண்டை விட்டிருக்கிறோம். என் மாமனாருக்கு 62 வயது. மார்கழி, தை மாதங்களிலும் விடியற்காலையில் குட்டையில் இறங்கி வலை போடுவார். திரும்பி வரும்போது கால் மரத்துப்போயிருக்கும். நேராக அடுப்படிக்கு வந்து காலை நெருப்பில் காட்டுவார். போன வருடம் வாங்கிய பூட்ஸுக்குள் இரண்டு சாக்ஸ் போட்டும் குளிர்கிறது என்கிறார். குளிரும் தண்ணீரும் தாங்கும் பூட்ஸை எப்படிப் பார்த்து வாங்குவது? அவருக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை உண்டு. போன வாரம் கட்டைவிரலில் கொப்புளம் இருந்ததை நான்தான் பார்த்துச் சொன்னேன். அவருக்கு அது தெரியவே இல்லை.
- ஒரு வாசகி, நீலகிரி மாவட்டம்

பதில்: சகோதரி, நீங்கள் கேட்டது பூட்ஸைப் பற்றி. ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் என்னை நிறுத்தியது. கொப்புளம் வந்தது அவருக்கே தெரியவில்லை என்றால், அது குளிரால் மட்டும் வந்த மரப்பு என்று விட்டுவிட முடியாது. சர்க்கரை நோய் பல வருடம் இருந்தால் பாதத்து நரம்புகள் உணர்வை இழக்கும். அப்படிப்பட்ட காலை நெருப்பில் காட்டினால், தோல் வெந்த பிறகும் சூடு தெரியாது. அந்தக் கொப்புளம் அடுப்பில் வந்ததாகவும் இருக்கலாம், பூட்ஸ் உரசி வந்ததாகவும் இருக்கலாம். எப்படி வந்திருந்தாலும் முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டியது அதைத்தான். இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்க மனமில்லாமல் உங்களுக்குத் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டேன். மற்ற வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கால் ஏன் இவ்வளவு சீக்கிரம் குளிர்கிறது? காற்றைவிடத் தண்ணீர் 20 மடங்குக்கும் மேல் வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும். அதனால் பூட்ஸின் வேலை இரண்டு: வெளித்தண்ணீர் உள்ளே வரக்கூடாது, உள்ளே காலைச் சுற்றிக் கொஞ்சம் காற்று நிற்க வேண்டும். அந்தக் காற்றுதான் போர்வை. உங்கள் மாமனார் ஒரு சாக்ஸுக்கு அளவான பூட்ஸில் இரண்டைத் திணித்திருப்பார் என்று நினைக்கிறேன். கால் இறுகிவிட்டால் காற்றுக்கும் இடமில்லை, ரத்த ஓட்டமும் குறையும். இரண்டு சாக்ஸ் போட்டதாலேயே குளிர் கூடியிருக்கும்.

நானும் இந்தத் தவறைச் செய்தவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மலையில் உருளைக்கிழங்கு வயல்களைப் பார்க்கப் போக, கால் அளவுக்குச் சரியாக ஒரு பூட்ஸ் வாங்கி, உள்ளே இரண்டு பருத்தி சாக்ஸ் போட்டுக்கொண்டேன். காலை பத்து மணிக்குள் விரல் இருப்பதே தெரியவில்லை. கூட வந்த விவசாயி சிரித்துவிட்டு, 'ஒரு அளவு பெரிசா வாங்குங்க சார், கம்பளி சாக்ஸ் ஒண்ணு போதும்' என்றார். பட்டப் படிப்பில் யாரும் சொல்லித்தராத பாடம் அது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. அளவு: போடப்போகும் கம்பளி சாக்ஸைக் கடைக்கு எடுத்துப் போங்கள். மாலையில் போங்கள்; அப்போது கால் சற்று வீங்கியிருக்கும். சாக்ஸோடு காலை நுழைத்து, விரல்கள் முன்பக்கம் முட்டும்படி தள்ளி நின்றால், குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். உள்ளே விரல்களை மடக்கி நீட்ட முடிய வேண்டும். அதைவிடத் தொளதொள என்றிருந்தால் சேறு பூட்ஸைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கால் மட்டும் வெளியே வரும்.

2. பொருள்: விலை குறைந்த பி.வி.சி. பூட்ஸ் சமவெளி வயலுக்குப் போதும். உறைபனி விழும் இடத்தில் அது விறைத்துப்போய், மடங்கும் இடத்தில் வெடிக்கும். ரப்பர் குளிரிலும் வளைந்து கொடுக்கும். கையால் மடக்கிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

3. அடிப்பகுதி: குளிர் பாதி அடியிலிருந்துதான் ஏறுகிறது. அடித்தோல் தடிமனாகவும், வெட்டுக்கோடுகள் ஆழமாகவும் இருக்கட்டும். உள்ளே கழற்றி எடுக்கக்கூடிய கம்பளி அட்டை ஒன்று போடுங்கள். இரண்டு ஜோடி அட்டை இருந்தால், ஒன்று காயும்போது மற்றொன்றைப் போடலாம்.

4. உயரம்: முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரும் பூட்ஸை நம்பி முக்கால் அடி, ஒரு அடி ஆழத்துக்குமேல் இறங்க வேண்டாம். மேலே தண்ணீர் புகுந்துவிட்டால் சூடு போய்விடும், கனத்த காலோடு கரையேறவும் முடியாது. நெஞ்சுவரை வரும் ரப்பர் கால்சட்டை கடைகளில் உண்டு. பூட்ஸ் அதோடு ஒட்டியே இருக்கும். அதைப் போட்டால் இடுப்பில் பெல்ட் இறுக்கிக் கட்டுவது கட்டாயம். விழுந்தாலும் உள்ளே தண்ணீர் சட்டென்று நிரம்பாது. தனியாக இறங்கவும் கூடாது.

5. சாக்ஸ்: பருத்தி சாக்ஸ் வேர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும். கம்பளி சற்று நனைந்தாலும் சூடு தரும். சாக்ஸின் மேல் பிளாஸ்டிக் பை கட்டுவோர் உண்டு. வேர்வை உள்ளேயே தங்கி அதே ஈரம்தான் மிஞ்சும். ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸ் எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும்.

பழைய பூட்ஸைத் தூக்கிப்போடும் முன் ஓட்டை பாருங்கள். வாளித் தண்ணீரில் மேல்விளிம்பு நனையாமல் அமுக்கினால், உள்ளே ஈரம் கசியும் இடம் தெரிந்துவிடும். ரப்பர் பூட்ஸுக்கு சைக்கிள் பங்சர் ஒட்டு போதும். பி.வி.சி.யில் அது பிடிக்காது. அதற்கான பசை வேறு. நனைந்த பூட்ஸை அடுப்பருகே வைத்தால் ரப்பர் வெடிக்கும். பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, இரண்டு மூன்று முறை மாற்றி, நிழலில் காய வையுங்கள். காலையில் போடும் முன் கவிழ்த்துத் தட்டுங்கள். தேளும் பூரானும் தங்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

இன்னொன்று. சமவெளியில் விடியற்காலையில் மீன் பிடிப்பது வெயிலுக்கு முன் சந்தைக்குச் சேர்க்கத்தான். மலையில் பகலெல்லாம் குளிர். அந்த அவசரம் உங்களுக்கு இல்லை. குளிர்ந்த தண்ணீரில் கெண்டை இரை எடுக்காமல் அடியில் மந்தமாகக் கிடக்கும். வெயில் ஏறி, கரையோரத் தண்ணீர் சற்று சூடானதும் மேய வரும். வீட்டுக்கு வேண்டிய மீனை பதினொரு மணிக்குமேல் கரையில் நின்றே வீச்சுவலையில் எடுக்கலாம். பழகிய வேளையை மாற்ற மாமனார் முணுமுணுப்பார். மீனும் அந்த நேரம் தூங்குகிறது என்று அதிகாரி எழுதியிருக்கிறார் என்று சொல்லுங்கள்.

இனி, சர்க்கரை உள்ளவர்கள் எல்லோருக்கும்:

- குளிர்ந்து மரத்த காலை நெருப்பில் காட்டாதீர்கள், வெந்நீரிலும் வைக்காதீர்கள். துடைத்து, உலர்ந்த சாக்ஸ் போட்டு, போர்வைக்குள் வைத்தால் தானாகவே சூடேறும்.
- பூட்ஸுக்குள் காலை விடும் முன் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். சின்னக் கல் ஒன்று அரை நாளில் புண்ணாக்கிவிடும், கால் சொல்லாது.
- தினமும் இரவில் பாதத்தின் அடியையும் விரலிடுக்குகளையும் வேறொருவர் பார்க்கட்டும். ஆள் இல்லையென்றால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள்.
- புண், வெடிப்பு இருக்கும்போது குட்டையிலோ வாய்க்காலிலோ இறங்க வேண்டாம். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல் தொற்றும். தண்ணீரில் இறங்கிய சில நாட்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், தண்ணீரில் இறங்கியதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.
- பீடி, சிகரெட் பாதத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். எந்தக் கம்பளியும் அதற்கு ஈடாகாது.

மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்கள் வீட்டுக்கு வரும்போது சர்க்கரை மாத்திரை வாங்குவதோடு நிறுத்தாமல் காலையும் காட்டுங்கள்.

நான் பேசிய மறுநாளே மாமனாரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனதாக இந்தச் சகோதரி சொன்னார். கொப்புளத்தைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டிருக்கிறார்கள். ஆறும்வரை தண்ணீரில் கால் வைக்கக்கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். 'அப்போ பூட்ஸ் இப்ப வாங்க வேண்டாமா சார்?' என்று கேட்டார். புண் ஆறட்டும் அம்மா. அதன் பிறகு அவரையே கடைக்கு அழைத்துப் போங்கள், கம்பளி சாக்ஸோடு. அதுவரை வலையை உங்கள் வீட்டுக்காரர் வீசட்டும்.